மேளம் வேண்டாம் என்று சொன்னேன்

என் மகள் சந்தியாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவளைச் செவிடு என்றும் மீதிப் பேர் திமிர் பிடித்தவள் என்றும் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், அதனால் செவிடு. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள், அதனால் திமிர். ஒரே பிள்ளை எப்படி இரண்டுமாக இருக்க முடியும் என்று ஒருத்தரும் யோசித்ததில்லை.

அவளுக்கு எல்லாமே கேட்டது, அதுதான் சிக்கல். நமக்கெல்லாம் காதுக்குள் ஒரு கதவு இருக்கிறது. பஸ் இரைந்தால் பஸ்ஸை வெளியே நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவர் பேச்சை மட்டும் உள்ளே விடும். சந்தியாவுக்கு அந்தக் கதவு சாத்துவதில்லை. டவுன் பஸ் ஹாரன், அடுத்த வீட்டு மிக்சி, பாட்டுப் போட்டுக்கொண்டு போகும் கரும்பு டிராக்டர், ஃபேனின் கீச்சு, என் குரல் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே அளவில் உள்ளே வந்து விழும். அப்படி விழுந்தால் பெரியவர்களே சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடுவோம். ஐந்து வயதுப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சியில் காதைச் சோதித்த டாக்டர் நல்ல மனிதர். காதில் கோளாறு இல்லை, வருகிற சத்தத்தைத் தரம் பிரிக்க மூளை திணறுகிறது, பொறுமையாகப் பழக்க வேண்டும் என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பழக்க வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அலைச்சல் ஆரம்பித்தது. ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மலையில் அமைதியாக இருக்கும், வெள்ளிமலையில் சொந்தக்காரர் வீட்டில் கொஞ்ச நாள் வைத்திருங்கள் என்றார் ஒருவர். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே பஸ் ஏறியது. மேலே போய் இறங்கினால் சிள்வண்டு. மரத்துக்கு மரம் ரம்பம் வைத்து அறுக்கிற மாதிரி இரைச்சல். மலை அமைதியாக இருக்கும் என்றவர் கல்வராயன் மலையைக் காலண்டரில்தான் பார்த்திருப்பார். அடுத்த பஸ்ஸிலேயே இறங்கி வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியில் ‘ஒலி சிகிச்சை’ என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தவரிடம் போனோம். பாட்டைச் சல்லடையில் சலிப்பதுபோலச் சலித்து, பிள்ளையின் காதுக்குத் தேவையான ஓசையை மட்டும் அனுப்புவாராம். இத்தனை தடவை வந்தால் பூரண குணம் என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார். சந்தியாவின் தலையைவிடப் பெரிதாக இருந்த ஹெட்போனை மாட்டிவிட்டு, அவர் எதிரே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சத்தத்தைக் கூட்டினார். அவள் அலறினாள். ஹெட்போனைப் பிடுங்கப் போன கைகளை உதவிக்கு நின்ற பெண் பிடித்துக்கொண்டாள். நான் பதறி எழுந்தேன். அவர் கையமர்த்தினார்.

“அழட்டும்மா. அழுதாதான் காது பழகும்.”

எனக்கு எங்கிருந்து அப்படி ஓர் ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றி அவர் தலையிலேயே மாட்டி, கம்ப்யூட்டரில் அவர் தொட்ட இடத்தில் நானும் ஒரு தள்ளு தள்ளினேன். மனிதர் நாற்காலியோடு துள்ளிப் பின்னால் போனார். பழகட்டும் சார் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். என் கணவர் தங்கதுரை கரும்பு வெட்டப் போகிறவர், யாரிடமும் குரல் உயர்த்தத் தெரியாதவர். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியில் எங்களுக்கு வழி காட்டியவர் கோகிலவாணி மேடம். சிறப்புக் குழந்தைகளுக்காக அரசாங்கம் நியமித்த ஆசிரியை. வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பார். முதல் நாளே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு, வெயிலில் உருட்டிக்கொண்டு வந்தார். யாரும் சொல்லி அப்படிச் செய்யவில்லை.

அவர் குணமாக்குகிறேன் என்று சொல்லவில்லை. இது மருந்து இல்லை, சந்தியாவின் காது இப்படித்தான் இருக்கும், பயத்தை மட்டும் குறைக்க முடியும் என்றார். சந்தையில் விற்கும் சின்ன ரேடியோப் பெட்டி ஒன்றை வாங்கச் சொன்னார். பக்கவாட்டில் வால்யூம் திருகு இருக்கும், பென்டிரைவ் போடலாம். அவள் எந்தெந்தச் சத்தத்துக்கு நடுங்குகிறாளோ அதையெல்லாம் போனில் பிடித்து, ஒவ்வொன்றாக அந்தப் பெட்டியில் போட வேண்டும். ஆரம்பத்தில் திருகு முழுக்க அடைத்தே இருக்கும். அவள் கூட்டினால் கூடும், குறைத்தால் குறையும்.

“பாசத்துல நீங்க ஒரு சிட்டிகை கூட்டினாலும் போச்சுங்க. பாப்பா சத்தத்துக்குப் பயப்படல. நிறுத்த முடியலன்னுதான் பயப்படுது.”

இதை யாரும் எனக்குச் சொல்லியதில்லை. கேட்டதும் அழுகை வந்துவிட்டது. எத்தனை முறை அவள் என் சேலையைப் பிடித்து இழுத்து, நிறுத்து என்று சொல்லத் தெரியாமல் என்னைப் பார்த்திருப்பாள். குக்கரை நான் நிறுத்தியதே இல்லை. சோறு வேக வேண்டுமே.

முதலில் குக்கர் விசில். நாள்கணக்கில் அவள் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. பிறகு ஒரு நாள் எறும்பு நகர்கிற அளவு திருகினாள். விசில் கொசு ரீங்காரம் போலக் கேட்டது. சட்டென்று அடைத்தாள். நின்றது. மறுபடி திறந்தாள், அடைத்தாள், நின்றது. அன்று அவள் சிரித்த சிரிப்பை எழுத எனக்கு வராது. மழைக்காலம் முடிவதற்குள் நான் குக்கர் வைக்கும்போது அடுப்படி வாசலில் வந்து நிற்கப் பழகியிருந்தாள். அடுத்தது மிக்சி, பிறகு பஸ் ஹாரன். காதுக்குக் கம்பளம் போட்ட மாதிரி ஒரு காதுமூடியும் மேடம் கொடுத்தார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னோடு டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போய்வந்தாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். வழியில் திருகை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தத் திருகை நம்பித்தான் அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தாள்.

மேளம்தான் பாக்கி. எங்கள் ஊரில் மேளம் இல்லாத வாரம் கிடையாது. கூழ் ஊற்றினால் மேளம், பெண் வயசுக்கு வந்தால் மேளம், செத்தாலும் மேளம். அதைப் பதிவு செய்து கொடுக்க என் தம்பி வெற்றிவேலைவிட வேறு யார் இருக்கிறார்கள்? அவன் மைக்செட் வைத்திருக்கிறான். டாட்டா ஏஸ் வண்டி, குழாய் ஸ்பீக்கர்கள், ஆள் உயரப் பெட்டிகள், ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. அவன் மைக்கைப் பிடித்து ஹலோ என்றால் கோமுகி அணையில் மீன் பிடிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சாதாரணமாகப் பேசுவதே மைக்கில் பேசுவது போலத்தான் இருக்கும். ஆனாலும் சந்தியா அவனிடம் மட்டும் ஓடுவாள். பிறந்ததிலிருந்து அவளைத் தோளில் போட்டுத் திரிந்தவன் அவன். அவள் முன்னால் மட்டும் குரலைத் தணித்துக்கொள்ள முயற்சி செய்வான். பாதி நேரம் முடியாது.

ஒரு கோயில் திருவிழாவில் பம்பை மேளம் அடித்ததை அவன் அழகாகப் பதிவு செய்து கொடுத்தான். சந்தியா அதைக் குக்கரைவிட மெதுவாகத்தான் ஏற்றாள். பாதித் திருகுவரைக்கும் வந்த அன்று தற்செயலாக வெற்றிவேலும் வீட்டில் இருந்தான். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பம்பைக்குக் காலின் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருந்தாள். என் தம்பிக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். அந்தக் கட்டைவிரலை அவன் போனில் படம் எடுத்து, சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பி, என் மருமகளுக்கு மேளம் என்றால் உயிர் என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தான். அவளுக்கு உயிர் மேளத்தில் இல்லை, திருகில் இருக்கிறது என்று நான் சொன்னேன். சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

இந்த நேரத்தில்தான் காதுகுத்து வந்தது. தள்ளித் தள்ளிப் போட்டதை இனியும் தள்ள முடியாது என்று குஞ்சம்மாள் கொடி பிடித்தார். குஞ்சம்மாள் என் கணவரின் பெரியம்மா. எனக்கு மாமியார் இல்லை. அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொள்பவர். எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவோம். தாய்மாமன் தட்டு வரிசையோடு, மேளம் முழங்க, வெடி வெடிக்க வர வேண்டும். மாமன் எவ்வளவு சத்தமாக வருகிறானோ அவ்வளவு பாசம் என்பது எங்கள் கணக்கு. சத்தம் குறைந்தால் தங்கச்சியையும் அக்காளையும் மதிக்காதவன் என்று பேச்சு வரும்.

நான் ஒரே நிபந்தனைதான் வைத்தேன். மேளம் வேண்டாம், மைக்செட் வேண்டாம், வெடி வேண்டாம். அணைக்குப் பக்கத்தில் இருக்கும் முனியப்பன் கோயிலில், காலையில் வீட்டு ஆட்கள் மட்டும் போய்க் குத்திக்கொண்டு வந்துவிடலாம். குஞ்சம்மாள் மூக்கின்மேல் விரல் வைத்தார். சாவுக்கே மேளம் அடிக்கிற ஊரில் ஒரு பெண்ணின் காதுகுத்துக்கு மேளம் இல்லையா என்று தெருவில் நின்று நியாயம் கேட்டார். வெற்றிவேலும் என்னிடம் வந்தான்.

“சத்தம் இல்லாம காது குத்தறதுக்கு இது இன்னா திருட்டுக் கல்யாணமாக்கா? கொழந்த தெனம் மேளம் கேட்டுக்கினுதானே இருக்குது. நீதான் பயப்படற.”

பெட்டியில் கேட்பது வேறு, நேரில் கேட்பது வேறு என்று பொறுமையாகவே சொன்னேன். மேடம் சொன்னதையும் சொன்னேன். இன்னும் பாதித் திருகுதான் வந்திருக்கிறாள், மீதிப் பாதியை அவளே திருக வேண்டும், அதுவரை யாரும் அவளுக்காகத் திருகக் கூடாது என்றேன். அவன் தலையைச் சொரிந்தான். கடைசியில் சரி என்றான். எனக்குச் சத்தியமே செய்து கொடுத்தான்.

காதுகுத்து அன்று ஷேர் ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். சந்தியா பச்சைப் பாவாடை கட்டி, காதுமூடியைக் கழுத்தில் மாட்டி, பெட்டியை மார்போடு பிடித்திருந்தாள். கரும்புத் தோட்டங்களைத் தாண்டி அணைப் பக்கம் திரும்பியதும் மலை தெரிந்தது. நல்ல காற்று. அவள் என் மடியில் சாய்ந்துகொண்டு வந்தாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

கோயில் வாசலில் ஆட்டோ நின்றபோதுதான் கூட்டத்தைப் பார்த்தேன். வீட்டு ஆட்கள் மட்டும் என்று சொல்லியிருந்தேன், தெருவே வந்திருந்தது. புளியமரத்தின் கிளைகளில் குழாய் ஸ்பீக்கர்கள் கட்டியிருந்தார்கள். டாட்டா ஏஸின் மேல் வெற்றிவேல் வெள்ளை வேட்டியில் பல்லெல்லாம் தெரிய நின்றான். நான் கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். அவன் அதை வாழ்த்து என்று நினைத்துக்கொண்டு கையசைத்தான். பிறகு சுவிட்சைப் போட்டான்.

வந்தது பம்பைச் சத்தம். சந்தியாவின் பம்பை. அவள் மாதக்கணக்காகக் கேட்ட அதே பதிவை, பழகிய மேளம்தானே, பயப்பட மாட்டாள் என்று நினைத்து அத்தனை ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டான் என் தம்பி.

சந்தியா முதலில் அழவில்லை. கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். அவளுடைய பம்பை என்றால் அந்தப் பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். திருகைக் குறைத்தாள். சத்தம் குறையவில்லை. இன்னும் குறைத்தாள். முழுக்க அடைத்தாள். அடைத்த பிறகும் திருகித் திருகிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் அவளை ஏமாற்றியவர்களில் ஒருத்தி என்று அந்தக் கண்ணில் இருந்தது. நான் காதுமூடியை எடுத்து மாட்டுவதற்குள் பெட்டியைத் தூக்கித் தரையில் அடித்துவிட்டு அவள் கீழே விழுந்தாள். கையைக் கடித்துக்கொண்டு, மண்ணில் தலையை மோதிக்கொண்டு உருண்டாள். பச்சைப் பாவாடை சிறுநீரில் நனைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

பிள்ளை துடிக்கிறதே, தூக்குங்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை. சாமி வந்துவிட்டது என்றார்கள். குஞ்சம்மாள் ஓடிவந்து, தலைமுடியை அவிழ்த்து விட்டுக்கொண்டு, என் மகளின் காலடியில் விழுந்து கும்பிட்டார். யாரு தாயே வந்திருக்கிறது, எதற்குக் கோபம், என்ன குறை வைத்தோம் என்று கேட்டார். ஒருத்தர் கற்பூரம் ஏற்றினார். இன்னொருத்தர் விபூதியை அள்ளி அவள் முகத்தில் வீசினார். பதிவு போதாது என்று வெற்றிவேல் நிஜமான பம்பைக்காரர்களையும் கூட்டி வந்திருந்தான். யாருக்காவது சாமி வந்தால் அடியை ஏற்ற வேண்டும், அப்போதுதான் சாமி முழுசாக இறங்கி வாக்குச் சொல்லும் என்பது அவர்கள் தொழில். அவர்கள் மரத்தடியிலிருந்து எழுந்து வந்து, என் பிள்ளையைச் சுற்றி நின்று, அவள் எவ்வளவு துடித்தாளோ அவ்வளவு வேகமாக அடித்தார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டு முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். அடி இன்னும் ஏறியது.

நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கி என் கணவர்மேல் போட்டுவிட்டு டாட்டா ஏஸில் ஏறினேன். ஆம்ப்ளிபயரில் எத்தனையோ குமிழ்கள், எது எதற்கென்று எனக்கென்ன தெரியும். கைக்கு வந்த வயரையெல்லாம் பிடுங்கினேன். ஏதோ ஒன்று பொறி பறந்து அணைந்தது. ஸ்பீக்கர் நின்றதும் கீழே குதித்து, பம்பைக்காரர் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி எறிந்தேன். மற்றவர் தானாகவே நிறுத்திவிட்டார்.

அதன் பிறகுதான் சந்தியாவின் அழுகை எல்லாருக்கும் கேட்டது. அது சாமியின் அழுகை இல்லை என்பது அந்த நிமிஷம் யாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. சாமி இறங்கும்போது மேளத்தை நிறுத்திவிட்டாளே பாவி, வாக்குச் சொல்ல வந்த வாயை அடைத்துவிட்டாளே, குடும்பம் விளங்குமா என்று குஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். என் குடும்பம் விளங்குவது பற்றி அவருக்கு அவ்வளவு அக்கறை. அழுது அழுது சந்தியா என் கணவர் தோளில் துவண்டு கிடந்தபோது குஞ்சம்மாள் இன்னொன்றும் சொன்னார்.

“துவண்டு கெடக்கும்போதே குத்திடலாண்டா தொர. நேரம் போய்க்கினு இருக்குது. வலியும் தெரியாது.”

காது குத்த ஊசியோடு வந்திருந்த நகைப் பத்தர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். என் கணவர் என்னைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். அந்த மனிதர் தயங்கியதைப் பார்த்ததும் சந்தியாவை அவர் தோளிலிருந்து வாங்கிக்கொண்டேன். இவள் காதில் யாராவது கை வைத்தால் அந்தக் கையை முறிப்பேன் என்றேன். முனியப்பன் கோயில் வாசலில், சாமிக்கு முன்னால்தான் சொன்னேன். முனியப்பன் ஒன்றும் சொல்லவில்லை.

வெற்றிவேல் அப்போதுதான் வண்டியை விட்டு இறங்கி வந்தான். அவனுக்கு இன்னும் நடந்தது விளங்கவில்லை. பழகிய மேளம்தானேக்கா, அவளுக்குப் பிடித்ததுதானேக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கோபத்தில் என் குரல் இறங்கிப்போயிருந்தது.

“நீ சுவிட்சப் போட்டதும் அவ இன்னா பண்ணா தெரியுமாடா? அந்தப் பொட்டியத் திருவிக்கினே இருந்தா. நிக்கும் நிக்கும்னு திருவிக்கினே இருந்தா. ஊரே பாத்துச்சு. நீ எங்கடா பாத்துக்கினு இருந்த?”

அவன் புளியமரத்து ஸ்பீக்கர்களை அண்ணாந்து பார்த்தான்.

அன்றோடு எல்லாம் தலைகீழானது. சந்தியா மறுபடி கட்டிலுக்கு அடியில் போனாள். குக்கர், மிக்சி எல்லாம் பழையபடி பேயாயின. உடைந்த பெட்டிக்குப் பதிலாகப் புதிய பெட்டி வாங்கி வைத்தேன், தொட மறுத்துவிட்டாள். அதைப் பார்த்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தெருவில் அவளுக்குச் சாமி வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். ஒரு பெண் எலுமிச்சம்பழத்தோடு வந்து, தன் மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று பிள்ளையிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாள். அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுதேன். அது துக்க அழுகை இல்லை, யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

வெற்றிவேல் மன்னிப்புக் கேட்க வந்தான். கை நிறையப் பொம்மை. வழக்கமாக அவன் தலையைக் கண்டாலே ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்பவள், அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பொம்மையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் போகவில்லை. பாவமும் கோபமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று ஒன்றும் இல்லையே.

நடந்ததைக் கேட்ட கோகிலவாணி மேடம் என்னைத் திட்டவில்லை, யாரையும் திட்டவில்லை. சந்தியா பெட்டியை இனி நம்ப மாட்டாள், விட்டுவிடலாம் என்றார். மனிதரிடமிருந்தே ஆரம்பிக்கலாம் என்றார். இப்போது அவள் எந்தச் சத்தத்துக்கு அதிகம் பயப்படுகிறாள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். குக்கரும் இல்லை, பஸ்ஸும் இல்லை. என் தம்பியின் குரல்.

அதனால் அவனைத்தான் கூப்பிட்டோம். தினமும் வேலைக்குப் போகும் முன் எங்கள் வீட்டு முன்னால், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார வேண்டும். அவளைக் கூப்பிட வேண்டும், ஏதாவது பேச வேண்டும். அவள் கையைத் தூக்கினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். சொல் பாதியில் இருந்தாலும் சரி, எச்சிலை விழுங்கிக்கொண்டு நிறுத்த வேண்டும். அவள் கையை இறக்கும்வரை பேசக் கூடாது. இவ்வளவுதான் வைத்தியம்.

எனக்கு அவன்மேல் நம்பிக்கை இல்லை. சத்தியம் செய்து கொடுத்தவன்தானே. வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டு அவன் வாயையே கவனித்துக்கொண்டிருந்தேன். சந்தியா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கையை மட்டும் வெளியே நீட்டினாள். “சந்தி...” என்றவன் அப்படியே நின்றான். கை இறங்கியது. “...யா” என்றான். உடனே கை ஏறியது. ஊரையே தூக்கி நிறுத்துகிற அந்தத் தொண்டை ஒரு பிள்ளையின் உள்ளங்கைக்கு முன்னால் கட்டுண்டு கிடந்தது. சில நாள் முழுக்க அவள் கையை இறக்கவே இல்லை. அவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனான். மறுநாளும் வந்தான். கதவுக்குப் பின்னாலிருந்தவள் படிக்கு வந்தாள். படியிலிருந்து என் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அவன் ஒரு முழு வாக்கியம் சொல்லி முடிக்கும்வரை கையைத் தூக்காமல் இருந்த அன்று ஆய்ந்து முடித்த கீரையையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தேன். அவனிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

அப்படி ஒரு நாள் அவன் பேசிக்கொண்டிருந்தபோது சந்தியா கையைத் தூக்கினாள். அவன் நிறுத்தினான். அந்த நேரம் பார்த்துக் குஞ்சம்மாள் வந்து சேர்ந்தார். அவருக்கு இந்த வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை. பிள்ளை சொல்லிப் பெரியவன் வாயை மூடுவதா என்று ஊரெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தவர். வந்ததும் வராததுமாக வேப்பமரத்தடியில் இருந்தவனிடம் கேட்டார்.

“இன்னாடா வெற்றி, காது குத்துக்கு இன்னொரு நாள் பாத்தியா இல்லியா?”

வெற்றிவேல் அவரைப் பார்த்தான், சந்தியாவின் கையைப் பார்த்தான். பதில் சொல்லவில்லை. குஞ்சம்மாள் குரலை உயர்த்தினார். வாய் செத்துப் போச்சா, உன்னைத்தான் கேட்கிறேன், கோயில் காரியம் பாதியில் நிற்கிறது, உனக்கு மானம் ரோஷம் இல்லையா என்று அடுக்கினார். சந்தியாவின் கை மெல்ல அவர் பக்கம் திரும்பியது. குஞ்சம்மாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் சத்தமாகப் பேசினார். நான் கீரையை உதறிவிட்டு எழுந்தேன்.

எனக்கு முன்னால் வெற்றிவேல் எழுந்துவிட்டான். வாயைத் திறக்கவில்லை. பாசத்தோடு பிடிப்பதுபோலக் குஞ்சம்மாளின் தோளைப் பிடித்துத் திருப்பி, தெரு வழியாக நடத்திக்கொண்டு போனான். அவர் திமிறினார், திட்டினார், அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருமுனையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டிப் போன பிறகுதான் அவன் பேசினான். என்ன பேசினான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. குஞ்சம்மாள் கையை ஆட்டுவதும், இவன் குனிந்து ஏதோ சொல்வதும் மட்டும் தெரிந்தது.

சந்தியா அதுவரைக்கும் தூக்கிய கையைத் தூக்கியபடியே நின்றாள். அவர்கள் இரண்டு பேரும் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் இறக்கினாள்.